மூடியைத் திறந்து பார்த்த மனிதர்

மேடையில் வீற்றிருக்கும் வெண்தாடிப் பெரியோர்களே, பெட்ரோல் நிலையத்து நண்பர்களே, இஷென்குல் அண்ணனின் வீட்டாரே, நாரின் நகரத்து ஓட்டுநர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் என் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முகம் சுளிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. மூத்த பேத்தி பெகாயிம் பிஷ்கெக்கில் குழந்தை மருத்துவர். பேரன் அஸாத் டோலோன் கணவாய்ச் சாலையை அளக்கும் பொறியாளன். சின்னவள் ஜிபெக் இந்த ஆண்டு மாவட்டக் கணக்குப் போட்டியில் இரண்டாவது. முதலாவதாக வந்த பையனின் அப்பா கணக்கு வாத்தியார், அதையும் சொல்ல வேண்டும் அல்லவா? இந்த மூவரும் ஊரைவிட்டு வெளியே போன ஒவ்வொரு முறையும் யார் கையால் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போனார்கள்? கைதேர்ந்தவர் என்று நாம் உஸ்தா பட்டம் கொடுத்த இஷென்குல் கையால்!

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவர் வேலை பார்த்த பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே, சாலையின் மறுபக்கம், பத்தொன்பது ஆண்டுகளாகத் தந்தூர் அடுப்பில் சம்சா சுடுகிறேன். எத்தனையோ முதலாளிகளை, அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். இவருக்கு இருந்தது போன்ற காதை வேறு யாரிடமும் பார்த்ததில்லை. வண்டி சாலை வளைவில் வரும்போதே அதன் நோயைச் சொல்வாரே, அது என்ன காது ஐயா!

விலை கூடிய பெட்ரோலை விற்றால் நிலையத்துக்கு லாபம். இவர் விற்றாரா? சம்பந்தி வீட்டு வண்டியின் தொட்டியை நிரப்பி அனுப்புவது நம் வழக்கம். தொண்ணூற்றெட்டாம் எண் பெட்ரோலுக்குக் குறைந்து ஊற்றினால் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் நாம். பழைய நீவா வண்டியில் சம்பந்தியை ஏற்றிக்கொண்டு வந்து, “தொண்ணூத்தெட்டு ஊத்துங்க உஸ்தா” என்று மார்தட்டியவரிடம் இவர் சொன்னது என் அடுப்பு வரைக்கும் கேட்டது.

“ஏம்ப்பா, இந்தக் கிழட்டு வண்டிக்குத் தொண்ணூத்தெட்டு எதுக்கு? ஒரு துளி வேகம்கூட ஏறாது. சம்பந்திக்கு மரியாதைய தட்டுல வை, டாங்குல ஊத்தாத!”

சம்பந்தியே சிரித்துவிட்டார்.

இனி அந்த ஒரு நாளைச் சொல்கிறேன். பெகாயிமுக்கு மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. பிஷ்கெக்கில் மதியம் இரண்டு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். அதைத் தவறவிட்டால் அவளை அடுத்த ஆண்டு அனுப்ப எங்களிடம் வழியில்லை. எங்கள் சம்பந்தி தன் புது வெளிநாட்டு வண்டியைக் கொடுத்தார். அவள் அப்பா, என் மகன் மிர்லான், கிராமத்திலேயே பீப்பாயில் பெட்ரோல் விற்பவனிடம் மலிவான எண்பதாம் எண் வாங்கி ஊற்றி, அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். சூடான சம்சா வாங்கத்தான் என் கடையில் நிறுத்தினான்.

இஷென்குல் அண்ணன் சாலையைக் கடந்து ஓடி வந்தார். ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியை உருவிக்கொண்டார்!

“அண்ணே, என்ன இது? பிள்ளைக்குப் பரீட்சை. சாவிய குடுங்க!”

“இஞ்சினுக்குள்ள சூடான சட்டியில பார்லி பொரியற சத்தம் கேட்டுச்சே, உனக்குக் கேக்கலயா? காதுல என்ன, ஆட்டு ரோமமா?”

“மலையில காத்து லேசு அண்ணே. எண்பதே போதும். எங்கப்பா வண்டி எண்பதுலதான ஓடுச்சு?”

“உங்கப்பா வண்டி இருக்கற காத்தைக் குடிச்சிட்டு ஓடும். இது டர்போடா, காத்தைத் தானே அமுக்கி உள்ள தள்ளிக்கும். இதுக்கு மலையும் ஒண்ணு, தரையும் ஒண்ணு. எண்ணு என் வாயில இல்ல, பெட்ரோல் டாங்க் மூடியில இருக்கு. படி!”

மிர்லான் மூடியைத் திறந்தான். உள்பக்கம் ஒட்டியிருந்தது: 95.

“அப்போ தொண்ணூத்தஞ்சுன்னா பலம் அதிகமா அண்ணே?” என்று நான் கேட்டேன்.

“பலமும் இல்ல ஒண்ணும் இல்ல சாய்ரா. பொறுமை. எவ்வளவு நெருக்கினாலும் பொறி கூப்பிடற வரைக்கும் பத்திக்காத பொறுமை. எண்பது அவசரக்காரன், நெருக்கினா தானே வெடிச்சுருவான். அந்த அடி பிஸ்டன்ல விழும். டோலோன் ஏத்தத்துல இந்த வண்டி நின்னுரும்.”

கேட்டீர்களா? எந்தப் பள்ளிக்கூடம் எனக்கு இதை இப்படிச் சொல்லும்?

ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி, துப்பி, மறுபடி உறிஞ்சி, இருந்த எண்பதை எல்லாம் கேன்களில் இறக்கினார். தொண்ணூற்றைந்து நிரப்பினார். முப்பத்தைந்து நிமிடம் போனது. பெகாயிம் அழவில்லை, என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மிர்லான் அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினான். கணவாய் உச்சியிலிருந்து போன் வந்தது. “அம்மா, சத்தமே இல்ல. அண்ணன்கிட்ட சொல்லு.” சாலையைக் கடந்து போய்ச் சொன்னேன். இன்னும் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தவர் துப்பிவிட்டு அடுத்த வண்டியின் மூடியைத் திறக்கப் போனார். கதவு மூட ஒன்பது நிமிடம் இருக்கும்போது என் பேத்தி உள்ளே போனாள்.

இப்போது சொல்லுங்கள், என் வீட்டு வெற்றியை நான் இங்கே ஏன் சொன்னேன்?

பெரியோர்களே, அவர் போய் இன்று நாற்பதாம் நாள். குழாயைப் பிடிக்க வேறு கைகள் வந்துவிட்டன. அந்தக் காது இனி வராது. ஆனால் மூடியைத் திறந்து படிக்க அந்தக் காது எதற்கு? எனக்கே எண் படிக்கத் தெரியுமே! என் கடைக்கு வரும் ஒவ்வொரு ஓட்டுநரிடமும் கேட்பேன்: “மூடிக்குள்ள என்ன போட்டிருக்கு?” பதில் சொன்ன பிறகுதான் சம்சா. கூடுதலும் வேண்டாம், குறைச்சலும் வேண்டாம், அங்கே எழுதியிருப்பது போதும். உஸ்தா இஷென்குல் அவர்களே, உங்கள் வேலை நிற்காது!

பெகாயிம், மிர்லானின் போன் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். இரண்டு மாதம் முன்பு சொந்த வண்டி வாங்கி, பூங்கொத்தோடு பக்கத்தில் நின்று படம் போட்டாய். ஊரெல்லாம் காட்டினேன். அண்ணன் படுக்கையில் இருந்தபடி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “மூடி சாத்தியிருக்கே சாய்ரா” என்றார். ஆகையால் கண்ணு, புதுப் படம் ஒன்று போடு. மூடியைத் திறந்து வைத்து, எண் தெரிகிற மாதிரி.