கையெழுத்துப் போடாதவர்

— அந்த ஸ்க்ரூவை விட்டுட்டு, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கப்பா.

— கேக்குது, கேக்குது. கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு. கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணு தெரியலைன்னு வெளியில சொல்லிடாதே பாப்பா. வியாபாரம் படுத்துடும்.

— மூணாவது தடவையா கேக்கறேன். அம்மா எப்படி மனசு மாறினாங்க?

— எதுக்கு மாறினா?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. என்னைத் தத்தெடுக்க.

— ஓ... அதுவா.

— அதேதான். முதல்ல அம்மா வேண்டாம்னாங்க. பெத்துக்கிட்டா சொந்தமாப் பெத்துக்கணும், இல்லைன்னா ஒண்ணும் வேண்டாம்னு நின்னாங்க. அப்புறம் சரின்னு சொன்னாங்க. நடுவுல என்ன நடந்தது?

— இப்ப எதுக்கு அது? முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு.

— இப்ப எங்க வீட்டுலயும் அதே கதைதானே. ஃபாரம் சாப்பாட்டு மேஜை மேலேயே கிடக்கு. ரெண்டு பேரும் போட வேண்டிய இடத்துல ஒரு கையெழுத்துதான் இருக்கு.

— மாப்பிள்ளை இன்னும் போடலையா?

— அவருக்கு... இன்னொரு தடவை ட்ரீட்மெண்ட் எடுத்துப் பார்க்கலாம்னு இருக்கு.

— நாலு தடவை ஊசி குத்திக்கிட்டது யாரு, அவரா? உடம்பு உன்னோடதுல்ல?

— அதை விடுங்க. திங்கட்கிழமைக்குள்ள கொடுக்கலைன்னா பேரை எடுத்துடுவாங்களாம். திரும்ப வரிசையில கடைசிலேர்ந்து வரணும். மூணு நாலு வருஷம். அப்ப எனக்கு முப்பத்தொன்பது ஆயிடும்.

— போனைக் கொடு. நான் பேசறேன் மாப்பிள்ளைகிட்ட.

— வேண்டாம்.

— ஏன், மாமனார்னா ஒரு பயம் இருக்காது?

— உங்களைப் பார்த்துப் பயப்படற ஒரே ஆள் அந்த ஃப்ரேம் கம்பெனி சேல்ஸ்மேன்தான்.

— அவன் சொல்ற விலைக்கு நானும் பயப்படறேனே, அது கணக்குல வராதா?

— அப்பா.

— சரி, சரி. ஆனா ஒண்ணு சொல்லணும் பாப்பா. வீட்டுல அவ்வளவு பேச்சு நடந்தும் நீ அசையாம நிக்கிறே பாரு. தத்துக்குழந்தைதான் வேணும்னு. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா? அது அப்படியே உங்கம்மா.

— ...ம்.

— என்ன ம்?

— எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இந்தப் பொண்ணு வேற எப்படி நினைக்கும், அவளே அப்படி வந்தவதானேன்னு.

— தப்பா என்ன சொல்லிட்டாங்க?

— ஒண்ணும் இல்லை. அம்மா கதையைச் சொல்லுங்க.

— விட மாட்டே.

— விட மாட்டேன்.

— அது வந்து... ஒரு நாள் அந்த சேல்ஸ்மேன் வந்தான். இவன் இல்லை, இவனோட மாமா. பெட்டியைத் திறந்தான். குழந்தைங்க ஃப்ரேம் ஒரு தட்டு. அதுல மஞ்சள்ல ஒண்ணு, இத்தனூண்டு. மூணு வயசுப் பிள்ளைக்குத்தான் உக்காரும். மூணு வயசுல யாரு கண்ணாடி போடப் போறாங்க, வாங்கினா காசு முடங்கிடும்னு தெரியும். தெரிஞ்சும் உங்கம்மா எடுத்தா.

— ம்.

— எடுத்து ஷோகேஸ்ல வைக்கலை. டிராயர்ல வெச்சுட்டா. பத்து நாள் கழிச்சு ஒரு பெரியவர் பேரனுக்குன்னு தேடிக்கிட்டு வந்தார். டிராயர் திறந்திருந்தது, அவரே பார்த்துட்டார். 'இது வேணும்'னார். உங்கம்மா, 'அது வித்தாச்சு'ன்னா. நான் உள்ளேர்ந்து, 'யாருக்கு வித்தே?'ன்னு கேட்டேன். டிராயரைச் சாத்தற சத்தம்தான் வந்தது. அன்னைக்குத்தான் எங்க ரெண்டு பேருக்கும் புரிஞ்சது. மறுநாள் ஃபாரம்ல கையெழுத்து.

— அந்த மஞ்சள் ஃப்ரேமா? லென்ஸ் இல்லாம நான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சது?

— அதேதான். கண்ணு நல்லா இருக்கிற பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட ஒரே கடை நம்ம கடை.

— நல்ல கதைப்பா.

— கதை இல்லை, நடந்தது.

— சேல்ஸ்மேன்கிட்ட ஃப்ரேம் எடுத்தது அம்மாவா?

— ஆமா.

— கவுண்டர்ல நின்னு அந்தப் பெரியவர்கிட்ட வித்தாச்சுன்னு சொன்னதும் அம்மா. உள்ளேர்ந்து கேட்டது நீங்க.

— ஆமாம்மா.

— அம்மா ஒரு ஃப்ரேம்கூட வாங்கினதில்லையேப்பா. சேல்ஸ்மேன் வந்தா டீயைக் கொடுத்துட்டு உள்ளே மெஷினுக்குப் போயிடுவாங்க. லென்ஸ் தேய்ச்சது அம்மா. கவுண்டர்ல நின்னது நீங்க.

— ...ஒவ்வொரு நாள் மாறி நிப்போம்.

— ஒரு நாள்கூட மாறினதில்லை. எனக்குத் தெரியாதா? நீங்க மெஷின்ல உக்காந்தா விரலைத் தேய்ச்சுக்குவீங்கன்னு அம்மா கிட்டவே விட மாட்டாங்க.

— பாப்பா, வாசல்ல ஆளு.

— தப்பிச்சுட்டீங்க. வாங்கண்ணே, உங்க கண்ணாடி ரெடி.

— ரெடியா தங்கச்சி? நேத்தே வர்றேன்னேன். உங்க அண்ணி, கண்ணாடி இல்லாம இருந்தாத்தான் நான் அழகாத் தெரியறேன், இன்னும் ரெண்டு நாள் இருங்கன்னுட்டா.

— மாட்டுங்கண்ணே. காதுக்குப் பின்னாடி அழுத்துதா?

— இல்லை. உங்கம்மா தேய்ச்சுக் கொடுத்தது பத்து வருஷம் ஓடுச்சும்மா. பஸ் ஓட்டற வரைக்கும் அதுதான். ரிட்டையர் ஆனப்புறம்தான் கீழே போட்டேன்.

— இது நான் தேய்ச்சதுண்ணே. பத்து வருஷத்துக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

— ஓரம் தடவிப் பார்த்தாலே தெரியுது, அந்தக் கைதான். என்ன முதலாளி, பேச்சையே காணோம்? ஏழு மாசம் ஆச்சு இல்லை அந்தம்மா போய்?

— ஆமா டிரைவரே. ஏழு முடிஞ்சு எட்டு.

— அந்தம்மா மாதிரி ஒரு மனுஷி... ஒரு தடவை பவர் தப்பா எழுதிக் கொடுத்தது உங்கப்பாதான். நான் குதி குதின்னு குதிச்சேன். 'என் தப்புண்ணே, நான்தான் மாத்திப் படிச்சேன்'னு சொல்லிப் புதுசு போட்டுக் கொடுத்தாங்க. முதலாளி முகத்தைப் பார்த்தேன், எனக்குப் புரிஞ்சுபோச்சு. சரி, வர்றேன் தங்கச்சி. வர்றேன் முதலாளி.

— அப்பா.

— ம்.

— டிரைவர் அண்ணன் போயிட்டார். இனிமே வாசல்ல யாரும் இல்லை.

— தெரியுது.

— ஃப்ரேம் எடுத்தது நீங்க.

— ம்.

— வித்தாச்சுன்னு சொன்னதும் நீங்க. அப்ப வேண்டாம்னு சொன்னது...

— நான்தான்.

— நீங்களாப்பா?

— நான்தான் பாப்பா. உங்கம்மா முதல் நாள்லேர்ந்தே கூட்டிட்டு வரலாம்னுதான் சொன்னா. நான்தான் என் பிள்ளைன்னா என் பிள்ளையா இருக்கணும்னேன். எங்கப்பா ஜாடையில ஒண்ணு வேணும்னேன். அவர் போய் அப்ப ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என்னவோ அந்த முகம் திரும்பி வரும்னு ஒரு முட்டாள்தனம்.

— ஜாடை வேணும்னு நினைக்கிறது முட்டாள்தனமாப்பா?

— பின்னே?

— சும்மா கேட்டேன். சொல்லுங்க.

— நீ ஏன் உக்காந்துட்டே? கோபமா இருக்கா?

— எனக்குப் பதினோரு வயசுல பீரோவுல அந்த லெட்டர் கிடைச்சுது. 'தம்பதியரில் ஒருவர் சம்மதிக்காத காரணத்தால் தங்கள் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.' ஒரு வரி மறக்கலை. சாப்பிடும்போது கொண்டுவந்து தட்டு பக்கத்துல வெச்சு, யாருன்னு கேட்டேன்.

— ஞாபகம் இருக்கு.

— அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. கரண்டியைக்கூடக் கீழே வைக்கலை. 'நான்தான்'னாங்க.

— நான் வாயைத் திறந்தேன் பாப்பா. நிஜமாத் திறந்தேன். மேஜைக்குக் கீழே என் காலை மிதிச்சா.

— நாலு மாசம் நான் அவங்ககிட்ட பேசலை.

— நாலு மாசம் பதினேழு நாள்.

— எண்ணினீங்களா?

— அவ எண்ணினா. எனக்குச் சொல்லுவா, இன்னைக்கு இத்தனைன்னு. ஒரு நாள் நீ அவகிட்ட ரப்பர் எங்கேன்னு கேட்டே. அன்னைக்கு உள்ளே போய் மெஷினைப் போட்டுட்டு அழுதா, சத்தம் கேக்கக் கூடாதுன்னு.

— அப்புறமும் நான் விடலையேப்பா. எந்தச் சண்டை வந்தாலும் அதைத்தான் எடுப்பேன். காலேஜ்ல சேர்ந்தப்போகூட... 'நீதானே என்னை வேண்டாம்னே, இப்ப என்ன அக்கறை'ன்னு. ஒரு தடவைகூட அவங்க...

— சொல்ல மாட்டா. நானே சொல்லிடறேன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். என்ன சொன்னா தெரியுமா? 'பொண்ணு அம்மாகூடச் சண்டை போட்டா, பசிச்சதும் திரும்பி வந்துடும். அப்பா வேண்டாம்னார்னு தெரிஞ்சா அதுக்கு இந்த வீட்டுல எங்கே நிக்கிறதுன்னே தெரியாது. உன்மேல அதுக்கு இருக்கிற நம்பிக்கையை என் கண்ணு முன்னாடி உடைக்காதே'ன்னா.

— நீங்களும் சரின்னுட்டீங்க.

— சரின்னுட்டேன். அவ சொன்னா, அவ நல்லதுக்குச் சொன்னான்னு இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா நிஜம் என்னன்னா... எனக்கு அது சௌகரியமா இருந்தது பாப்பா. பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து நீ நேரா என் கழுத்தைக் கட்டிக்குவே. அவ வாசப்படியில நின்னு பார்ப்பா. அதை நான் அனுபவிச்சேன். திட்டணும்னா திட்டு.

— திட்ட வரலை. அம்மாகிட்டதான் ஒண்ணு சொல்லணும் போல இருக்கு. சொல்ல ஆள் இல்லை.

— எனக்கும் தினமும் அப்படித்தான்.

— அவ்வளவு பிடிவாதமா இருந்தவரை எப்படிப்பா மாத்தினாங்க? அழுதாங்களா, சண்டை போட்டாங்களா?

— ஒண்ணும் பண்ணலை. அதுதான் ஆச்சரியம். அந்த லெட்டர் வந்தப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை. மூணு மாசம் கழிச்சு எனக்கே தாங்கலை. வீட்டுல நிம்மதியாவது இருக்கட்டும்னு நினைச்சு, 'ஃபாரத்தைக் கொடு, போட்டுடறேன்'னேன். பேனாவை எடுத்துத் திறந்துட்டேன். பிடுங்கிட்டா.

— அம்மாவா?

— அவளேதான். 'எனக்காகப் போடாதே. அந்தக் குழந்தை வந்ததும் முதல்ல உன் முகத்தைத்தான் பார்க்கும். அப்ப உன் முகத்துல சலிப்பு இருந்தா அதுக்குத் தெரிஞ்சுடும். ஒரு தடவை விட்டுட்டுப் போனாங்க, அது போதும் அதுக்கு'ன்னா.

— அவங்களுக்கு அவ்வளவு ஆசை இருந்தும்...

— ஆசைன்னா ஆசை, அப்படி ஒரு ஆசை. தெருவுல ஏதாவது குழந்தை போனா மெஷினை நிறுத்திட்டு வெளியில வந்து நிப்பா. ஆனா அரை மனசுக் கையெழுத்து வேண்டாம்னு உறுதியா இருந்தா. அதுக்கப்புறம் எட்டு மாசம் கழிச்சுத்தான் அந்த மஞ்சள் ஃப்ரேம். 'யாருக்கு வித்தே?'ன்னு உள்ளேர்ந்து கேட்டா பாரு... கிண்டலாத்தான் கேட்டா. அந்தப் பெரியவர் நான் அழறதைப் பார்த்து, 'வேண்டாம் தம்பி, நான் வேற கடையில பார்த்துக்கறேன்'னு ஓடிட்டார்.

— ...நல்ல வேளை ஓடினார்.

— சிரிக்கிறே. அப்பாடா.

— நான் கேட்டதுக்கு ஒண்ணு மட்டும் பதில் வரலை.

— எதுக்கு?

— ஜாடை. அதை அம்மாவும் முட்டாள்தனம்னு சொன்னாங்களா?

— இல்லை. அது நான் இப்பச் சொல்றது, என் வெட்கத்துல. அவ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானே ஒரு நாள், 'நான் இப்படி நினைக்கிறது கேவலமா இருக்கா?'ன்னு கேட்டேன். 'உன் அப்பா முகத்தைத் தேடறே, இதுல என்ன கேவலம்? ஆசை அது பாட்டுக்கு இருக்கட்டும். ஒளிச்சு மட்டும் வைக்காதே. ஒளிச்சு வெச்சா அது நாளைக்கு அந்தக் குழந்தை மேல கோபமா வரும்'னா.

— அப்படியா சொன்னாங்க?

— வார்த்தை மாறலை. லென்ஸைத் துடைச்சுக்கிட்டே சொன்னா. இதையெல்லாம் அவ எங்கே படிச்சா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. அதனாலதான் சொல்றேன். மாப்பிள்ளையை விரட்டாதே. அவர் மனசுல இருக்கிறது தப்பில்லைன்னு முதல்ல சொல்லு. திங்கட்கிழமை போனாப் போகட்டும், இன்னொரு வரிசை வரும். சாயங்காலம் கூட்டிட்டு வா, நான் பேசறேன். நானும் அப்படி இருந்தவன்தான்னு என் வாயாலேயே சொல்றேன்.

— வேண்டாம்பா.

— ஏன்மா? இதுவரைக்கும் வாய் மூடிக்கிட்டு இருந்தேன், இதுக்காவது...

— அவர் போன மாசமே போட்டுட்டார்ப்பா. போடாம வெச்சிருக்கிறது நான்தான். அம்மாவும் பொண்ணுமா கடைக்கு வர்றாங்க, ஒருத்தருக்கு மூக்குல எந்த இடத்துல அழுத்துதோ அடுத்தவங்களுக்கும் அதே இடத்துல அழுத்துது, நான் வளைச்சு வளைச்சுக் கொடுக்கறேன்... எனக்குத் தெரிஞ்ச உலகத்துல என் மூக்கு என்கிட்ட மட்டும்தான் இருக்கு. இன்னொண்ணைப் பார்க்கணும் போல இருக்குப்பா. நீங்க ரெண்டு பேரும் எந்தக் குறையும் வைக்கலை, அதனாலதான் இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அவர் பேரைச் சொன்னேன்.