புகையில்லாத நெருப்பு

"துவன்ன! துவன்ன!"

ஓடுங்கள் என்று அர்த்தம். சிங்களத்தில் கத்துகிறான் ரொட்டிக்கடைக்காரன். எங்களைக் கொல்ல வருகிறவர்களும் அவன் ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்கு முந்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். எழுபத்தேழு, ஆவணி மாதம். இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டம். மழை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கீழ்க்கோடியில் கதவை உதைக்கும் சத்தம். டம். டம். ஒவ்வொரு கதவாக மேலே வருகிறது. எங்கள் வீடு கடைசி. அதனால்தான் இதைச் சொல்ல நான் இருக்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். என் புருஷன். அவருடைய அப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அவருடைய தங்கை பாக்கியம், கல்யாணமாகாதவள். நான். என் இடுப்பில் செல்வம், பல் முளைக்காத பிள்ளை. கையில் அகப்பட்டது ஒரு கம்பளி. வேறு எதையும் எடுக்கவில்லை.

குனிந்து ஓடுகிறோம். தேயிலைத் தூர்களுக்கு நடுவே படுக்கிறோம். மண் சில்லிட்டிருக்கிறது. மேலே லயம் எரிகிறது. தகரம் வெடிக்கிறது. பிள்ளையை என் வயிற்றோடு சேர்த்துக் கம்பளிக்குள் வைத்திருந்தேன். கம்பளியும் நனைந்துவிட்டது. அவன் அழவில்லை. இருமினான். அவனுடைய இருமல் அந்த மழையில் தொடங்கியது. எந்த டாக்டர் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

மாமாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. மறுநாள் விடிந்ததும் எங்களை விட்டுத் தள்ளிப் போய்ச் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டினார். ஈரச் சுள்ளி. புகை நேராக மேலே போனது. மழை விட்டிருந்த நேரம். மலை முழுவதும் தெரிந்திருக்கும்.

"அப்பா! அணைங்க! புகை!"

என் புருஷன் கத்தினார். மாமா திரும்பிப் பார்த்தார். காது மந்தம் அவருக்கு. கையை நெருப்பில் காட்டியபடியே சிரித்தார். அதற்குள் காடையர், லயத்தை எரித்த அந்தக் கும்பல், வந்துவிட்டார்கள். நாங்கள் தண்ணீர்க் கானுக்குள், வாய்க்கால் பள்ளத்தில், உருண்டோம். தடி விழும் சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவர்கள் போய்விட்டார்கள். ஒரு கிழவர் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ.

இதைக் கலவரம் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். எங்களுக்கு அது போர். முடிந்துபோன போர் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு என் புருஷனுக்கு இரண்டு விஷயங்கள் ஆகவே ஆகாது. ஒன்று, புகை. யார் வீட்டுக் கூரையில் புகை எழுந்தாலும் எழுந்து நின்றுவிடுவார். இன்னொன்று, தாழிடாத கதவு. தாழ் போட்டு, முட்டுக்கட்டை கொடுத்து, கையால் ஒரு தரம் தள்ளிப் பார்த்தால்தான் படுப்பார்.

அடுத்த வருஷம், இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி எங்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. கப்பல் ஏறினோம். மண்டபம் முகாமில் இறங்கினோம். வெயில் சுட்டது. செல்வத்தின் இருமல் அங்கே கொஞ்சம் அடங்கியது. அங்கேயே கிடந்திருக்கலாம் என்று இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் முகாமில் எத்தனை நாள் கிடப்பது? ஒரு காண்ட்ராக்டர் ஆள் எடுக்க வந்தான். கொடைக்கானல் மலையில் சீகை மரம் வெட்டும் வேலை. தோல் பதனிட அதன் பட்டையை உரிக்க வேண்டும், கட்டையை மூட்டம் போட்டுக் கரியாக்க வேண்டும். "உங்க ஊரு மாதிரியேதான், குளுகுளுன்னு இருக்கும்" என்றான். குளிரைப் பற்றி மட்டும் அவன் பொய் சொல்லவில்லை.

அந்த மலையில் போளூர் என்ற ஊருக்கு மேலே, காட்டின் ஓரத்தில் குடிசை. பலகைச் சுவர். மேலே பிளாஸ்டிக் தாள். கீழே மண் தரை. கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தது. காலையில் வெளியே வந்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி வெள்ளை. குடத்துத் தண்ணீரின் மேல் கண்ணாடித் தகடு. விரலால் குத்தி உடைத்துத்தான் மொள்ள வேண்டும். மிதித்தால் புல் நொறுங்குகிறது. கால்விரல்கள் வீங்கிச் சிவந்து அரிக்கின்றன. உதடு வெடித்து, சோற்றில் உப்புப் பட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது.

பாக்கியம் வெளியே வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். "மதினி, என் மூக்கு இருந்த எடத்துல இருக்கா, பாருங்க!" தினமும் இதையே சொல்வாள். தினமும் நான் பார்த்து, "இருக்கு, ஆனா உன்னோடதான்னு தெரியல" என்பேன். அந்தக் குளிரில் நாங்கள் சிரித்தோம். அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எப்போதும் அழுதுகொண்டே இருந்தோம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

கம்பளி ஒன்றுதான். செல்வத்துக்குத்தான் அது. அவனுக்கு இப்போது நடை வந்துவிட்டது. பேச்சு வரவில்லை. மூச்சு இழுக்கவே அவனுக்கு நேரம் போதவில்லை. வெயில் சாய்ந்ததும் இளைப்பு தொடங்கும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம். விலா உள்ளே போகும். உதடு நீலம் பூக்கும். படுக்க வைத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தே தூங்குவான், என் மடியில். உட்கார்ந்தே தூங்க நானும் பழகிக்கொண்டேன். இந்தப் பிள்ளையை மார்கழி தாண்ட வைக்க வேண்டும். எங்கள் மூவருக்கும் வேறு நினைப்பே கிடையாது.

அவனைத் தூக்கிக்கொண்டு உருளைக்கிழங்கு லாரியில் ஏறி டவுனுக்குப் போனோம். ஒரு மிஷன் டிஸ்பென்சரி. நர்ஸ் சிஸ்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். அன்பான மனுஷி. மாத்திரையைப் பொடித்து எப்படிக் கொடுப்பது என்று காட்டினார்.

"பேபிக்கு ஸ்மோக் ஆகவே ஆகாதும்மா. அடுப்புப் பக்கத்துல வைக்காதீங்க. ரூம் வார்மா இருக்கணும். குளிர்காத்து படவே கூடாது."

இரண்டும் சரியான பேச்சு. அவரை நான் குறை சொன்னதில்லை. எங்கள் குடிசைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் புருஷன் முகம் தெளிந்துவிட்டது. புகை ஆகாது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அவருக்கு இது தெரிந்த பாடம். திரும்பி வந்த அன்றே விறகு அடுப்பை வெளியே தூக்கி வைத்தார். மூட்டத்திலிருந்து நல்ல கரியாகப் பொறுக்கி வந்தார். பழைய எண்ணெய் டின்னில் ஓட்டை போட்டுக் கணப்பு செய்தார். வெளியே வைத்து விசிறி, புகை முழுவதும் போய், தணல் சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டுவருவார். பலகைச் சந்துகளில் சாக்கை அடைத்தார். கூரைத் தாளை இழுத்து மண் போட்டு மூடினார். கடைசியாகக் கதவு. தாழ். முட்டுக்கட்டை. ஒரு தள்ளு.

லயத்திலும் நாங்கள் கரி மூட்டிக் குளிர்காய்ந்தவர்கள்தான். அங்கே தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் சந்து இருந்தது. காற்று தன் பாட்டுக்கு வந்து போகும். அந்தச் சந்தை நாங்கள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. குளிர் வருகிறது என்று திட்டியிருக்கிறோம்.

குடிசை வெதுவெதுப்பானது. பாக்கியம் காலை நீட்டிப் படுத்தாள். செல்வத்தின் நெஞ்சில் பூனைக்குட்டி கொஞ்சம் அடங்கியது. "பாத்தியா? புகையே இல்ல" என்றார் அவர். அப்பனுக்குச் செய்யமுடியாமல் போனதை மகனுக்குச் செய்துவிட்ட முகம்.

காலையில் தலைவலி. எல்லோருக்கும். அவருக்கும் பாக்கியத்துக்கும் அதிகம். பாக்கியம் வாந்தி எடுத்தாள். வெளியே போய் வேலை தொடங்கி, வெயில் ஏறினால் சரியாகிவிடும். அதனால் பனியைத்தான் குற்றம் சொன்னோம். நெற்றியில் யூகலிப்டஸ் தைலம் தேய்த்துக்கொண்டோம். சாயந்திரம் இன்னும் கொஞ்சம் கரி சேர்த்துப் போட்டார்.

பக்கத்துக் காட்டுக்காரி நாகம்மாக்கா. பூண்டு பயிர் போட்டிருந்தாள். பிள்ளைக்கு என்று பூண்டு கொடுப்பாள், நல்லெண்ணெயில் சுட்டு நெஞ்சில் தடவ. ஒரு சாயந்திரம் அவர் டின்னை உள்ளே தூக்கிப்போவதைப் பார்த்துவிட்டு வரப்பிலிருந்தே கத்தினாள்.

"ஏ சிலோன்காரரே! கரிய உள்ள வச்சுக் கதவச் சாத்தாதீங்க! எங்க பக்கம் ஒரு ஆளு இப்படித்தான் செத்துக் கெடந்தாரு!"

"புகையே இல்லீங்களே அக்கா. கண்ணுகூட எரியல."

"புகை இல்லாததுதான்யா மோசம்! கதவக் கொஞ்சம் தொறந்து வைங்க!"

அவர் கேட்டார். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற மனிதர்தான். அன்று கதவை ஒரு சாண் திறந்து வைத்தார். திறந்து வைத்துவிட்டு, கோடரியை மடியில் போட்டுக்கொண்டு, அந்தச் சந்தையே பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு இளைப்பு கூடியது. காலையில் மூட்டத்துக்குப் போனவர் நின்றபடியே தூங்கி விழுந்தார்.

மறுநாள் சாயந்திரம். பனி கடுமை. வெயில் இறங்கும்போதே புல் வெளுக்கிறது. கதவு ஒரு சாண் திறந்துதான் இருக்கிறது. டுப். டுப். கிழங்குக் காட்டில் காட்டுப்பன்றிக்கு வெடி போடுகிறார்கள். அது பன்றி வெடி என்று எங்களுக்குத் தெரியும். தினமும் கேட்கிற சத்தம். தெரிந்து என்ன செய்ய? அவர் எழுந்துவிட்டார். கதவைச் சாத்தினார். தாழ். முட்டுக்கட்டை. தள்ளிப் பார்த்தார். இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தார்.

அந்தக் கதவின் கீழ்ப்பலகை ஒரு மூலையில் உளுத்துப் போயிருந்தது. அதை அடைக்கச் சாக்கு இல்லை. செல்வம் அந்த மூலைக்குத்தான் இழுத்தான். நகர்த்தினால் அழுதான். மூச்சு இல்லாத பிள்ளை அழுதால் பார்க்க முடியாது. அவனை மடியில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே சாய்ந்தேன். முகத்தை ஓட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அங்க காத்து அடிக்குது. வெதுவெதுப்புக்கு வா."

"வர மாட்டேங்குறான். இங்கதான் அடங்குறான்."

அவர் கம்பளியை எடுத்து எங்கள் இருவர் மேலும் போர்த்தினார். பிள்ளை காலையும் என் காலையும் சேர்த்துச் சுற்றினார். பிறகு டின் பக்கத்தில் போய்ப் பாக்கியத்துக்கு அந்தப் பக்கம் படுத்தார். அந்த இரவைப் பற்றி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன்.

டம். டம்.

கதவை உதைக்கிறார்கள். வந்துவிட்டார்கள். செல்வத்தின் வாயைப் பொத்துகிறேன். தலை கல்லாகக் கனக்கிறது. எழுந்து ஓட வேண்டும். கால் வரவில்லை. டம்.

"ஏ சிலோன்காரரே! வெயிலு ஏறிருச்சு! கதவத் தொறங்க! ஏத்தா, கதவத் தொறத்தா!"

நாகம்மாக்காவின் குரல். கடைசி உதையில் முட்டுக்கட்டை தெறித்தது. கதவு என் மேல் விழுந்தது. வெளிச்சமும் குளிரும் ஒன்றாக உள்ளே வந்தன. செல்வம் இருமினான். அந்த இருமலைக் கேட்டுத்தான் நாகம்மாக்கா எங்கள் இருவரையும் முதலில் இழுத்துப் புல்லில் போட்டாள்.

பிறகு நாகம்மாக்காவோடு வந்தவர்கள் அவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். அண்ணனும் தங்கையும். இரண்டு முகமும் சிவந்திருந்தன. நல்ல தூக்கத்தில் இருக்கிறவர்கள் மாதிரி. குளிரில் கறுத்துப்போயிருந்த முகங்கள். அன்றுதான் நிறம் வந்திருந்தது. நான் பாக்கியத்தை எழுப்பினேன். மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன்.

டவுனிலிருந்து வந்த டாக்டர் டின்னைப் பார்த்தார், சந்துகளைப் பார்த்தார். கரியிலிருந்து வரும் வாயு, கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது என்றார். பிள்ளை அந்த மூலையில் சாய்ந்திருக்காவிட்டால் நீயும் இல்லை என்றார். எதை விரட்ட இத்தனை பாடுபட்டோமோ, அந்த இளைப்புதான் எங்களை ஓட்டைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. எனக்கு அதைக் கேட்டு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்றும் அதுதான் வருகிறது.

குளிர்காலத்து விபத்து என்று முடித்துவிட்டார்கள். நான் அப்படி முடிக்கவில்லை. ஆவணியில் உதைத்த கதவு, மார்கழியில் சாத்திக்கொண்டது. அந்தப் போரில் செத்தவர்களோடுதான் இவர்களையும் எண்ணுகிறேன்.

எண்ணிச் சொல்கிறேன். லயத்தில் ஒரு வீடு, எரிந்தது. மாமா, தேயிலைக் காட்டில். அவரைப் புதைக்கக்கூட முடியவில்லை. பாக்கியம், போளூருக்கு மேலே, சீகைக் காட்டில் புதைத்தோம். அவள் பக்கத்தில் என் புருஷன். எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் இருந்தபோது நான் ஒரு தரமும் கூப்பிட்டதில்லை. சாட்சி சொல்ல வந்தவள் பெயரை விழுங்கக் கூடாது. ராசையா.

மிச்சம் நான், செல்வம், ஒரு கம்பளி. அவன் வளர்ந்துவிட்டான். ஒவ்வொரு மார்கழியிலும் அவனுக்கு இளைப்பு வருகிறது. வந்தால் கதவைத் திறந்து வைக்கிறேன். பனி உள்ளே வருகிறது. வரட்டும்.