ஜோதிகாவுக்குக் கட்டிய பேனர்

பட்டிழை போலப் பொறுமையை நீட்டி, மாணவர் பேரவையின் பகுதிநேர அலுவலர்களுக்கான தேர்தலைப் பழுதின்றி நடத்தி முடித்திருக்கும் அவைத்தலைவர், தேர்தல் அலுவலர், பேராசிரியர் மாணிக்கவாசகம் ஐயா அவர்களே; பகலைப் படிப்புக்கும் மாலையைப் பதவிக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க வந்திருக்கும் ஐந்து அலுவலர்களே; பிள்ளைகள் பதவியேற்பதைக் காண, பெட்டிக்குள் இருந்த பட்டுச்சேலையை எடுத்து உடுத்தி வந்திருக்கும் தாய்மார்களே; முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே; பின்வரிசையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூவும் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் கேன்டீன் டீ மாஸ்டர் அப்பாதுரையின் அடக்கமான வணக்கம்.

"அடக்கமா, மாஸ்டரா" என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. கேட்டுக்கொள் தம்பி, இன்றைக்கு ஒருநாள் அடங்கித்தான் பேசப்போகிறேன்.

இங்கே வாக்குரிமை இல்லாத ஒருவர் வாழ்த்த வேண்டும் என்பது இந்தப் பேரவையின் வழக்கம். போன ஆண்டு தோட்டக்காரர் பரமசிவம் வாழ்த்தினார். "செடிய மிதிக்காதீங்கபா" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கு இந்த ஆண்டு மாலை விழுந்திருக்கிறது. நானும் ஒரே வரியில் முடித்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். முடியவில்லை.

மாணவர் நலச் செயலாளர் யார்? தம்பி வசந்த். எப்படி வென்றார்? போட்டியின்றி வென்றார். ஏன் போட்டியில்லை? போட்டியிட்ட பெண்ணின் வேட்புமனு தள்ளுபடியானது. ஏன் தள்ளுபடியானது? அதைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வசந்த், நீ தலை குனியாதே அப்பா. உன்மேல் ஒரு தூசும் இல்லை.

அந்தப் பெண் ஜோதிகா. ஐயம்பேட்டை தேவசகாயம் கொத்தனாரின் மகள், வணிகவியல் இரண்டாம் ஆண்டு. அவள் ஊர்ப் பேருந்து இங்கே வந்து சேர்வதற்குள் முதல் மணி அடித்துவிடும். வருகைப்பதிவு குறைந்து, போன பருவத்தில் ஏழு பெண்கள் தேர்வெழுத முடியாமல் போனார்கள். அந்தப் பேருந்தில் வருகிறவர்களுக்குப் பத்து நிமிடம் தள்ளிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் நின்றாள். வேறு ஆசையில்லை, வேறு ஆர்ப்பாட்டமில்லை. பதவி வருமுன்பே மாலையில் என் கேன்டீன் கடைசி மேசையில் உட்கார்ந்து, கேட்டவர்க்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தாள். "ஆபீசரம்மா, டீ ஆறுது" என்று நான் சீண்டுவேன். "ஆறட்டும்ணா, இந்தப் பொண்ணுக்கு மொதல்ல முடிச்சிடறேன்" என்பாள்.

தேர்தல் விதிகள் உங்களுக்குத் தெரியும். கையால் எழுதிய தாள் மட்டும்தான் ஒட்டலாம். அச்சடித்த எதுவும் கூடாது. மாணவர் அல்லாத எவரும் பிரசாரம் செய்யக்கூடாது. மீறினால் வேட்பாளரே பொறுப்பு, வேட்புமனு தள்ளுபடி. அந்தத் தாளை என் அடுப்புக்கு மேலே மைதாப் பசை தடவி ஒட்டியவனே நான்தான். ஒட்டினேனே தவிர, படித்தேனா? படிக்கவில்லை.

காஞ்சிபுரத்தில் காதுகுத்துக்குப் பேனர் இல்லையா, கல்யாணத்துக்குப் பேனர் இல்லையா, கார் வாங்கினால் பேனர் இல்லையா? நம் வீட்டுப் பிள்ளை தேர்தலில் நிற்கும்போது வாசல் வெறுமையாக இருக்கலாமா? பத்தடிக்குப் பத்தடி பேனர் ஒன்று அடித்தேன். திருமுக்கூடலுக்கு அவள் வகுப்போடு போனபோது எடுத்த படம். அவளுக்குப் பின்னால் ஒரு சிங்கம். கேன்டீன் பூனையைக் கண்டாலே காலைத் தூக்கிக்கொள்கிற பெண்ணுக்கு. உன் படத்தையும் ஓரத்தில் போடட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். கூலிங் கிளாஸ் போட்ட படம் இல்லாததால் வேண்டாமென்று விட்டேன். 'இவண், நண்பர்கள்' என்று அடித்துக் கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் கட்டினேன்.

கட்டுவதற்கு முதல் நாளே அவளிடம் வாய் விட்டுவிட்டேன். "நாளைக்குக் காலைல வாசலப் பாரு ஆபீசரம்மா" என்றேன். அவள் முகம் மாறியது.

"இன்னாணா பண்ணி வச்சிருக்கீங்க? பேனர்லாம் வேணாம்ணா, கட்டிடாதீங்க. நெஜமாதான் சொல்றேன்."

"வெக்கத்தப் பாரு, வெக்கத்தப் பாரு."

"வெக்கம் இல்லணா. வேணாம்ணா வேணாம்தான்."

இலையில் இரண்டாம் முறை சோறு வைக்கும்போது கையை நீட்டி மறைப்பார்களே, நாம் நிறுத்துகிறோமா? அந்தக் கையை விலக்கி இன்னொரு கரண்டி வைப்பதுதானே நம் ஊர்ப் பழக்கம்? அப்படித்தான் நினைத்தேன். ஒரு பெண் மூன்று முறை வேண்டாம் என்று சொன்னாள். மூன்று முறையும் அதை வேடிக்கையாகவே கேட்டேன்.

காலையில் பேனரைப் பார்த்துப் புகார் வந்தது. மாணிக்கவாசகம் ஐயா அவளை அறைக்குக் கூப்பிட்டு, "யாரும்மா கட்டினது?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அந்த அறைக்குள் தட்டோடு நின்றவன் யார்? நான். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஐயா கண்டுபிடித்துவிடுவார் என்று பார்க்கவில்லை.

"தெரியாது சார். அதுல என் பேரு இருக்குது. நானே பொறுப்பு" என்றாள்.

நான் டீயை வைத்தேன். "சக்கரை போதுமா சார்" என்று கேட்டேன். வாய் ஓயாத இந்த அப்பாதுரை அந்த அறையில் பேசியது அவ்வளவுதான்.

வெளியே வந்ததும், "ஏம்மா சொல்லல?" என்றேன். "சொன்னா உங்க வேல போயிடும்ணா. உங்க வீட்ல ரெண்டு பேரு படிக்கிறாங்க. எனக்கு போஸ்ட்டுதானே போச்சு" என்றாள்.

பதவி மட்டுமா போனது? ஏமாற்றப் பார்த்தவள் என்றீர்கள். பேனர் ராணி என்றீர்கள். வகுப்பில் பக்கத்து இருக்கை காலியானது. கேன்டீன் பக்கம் வருவதை விட்டாள். போன வாரம் டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இவ்வளவு நாளும் நான் என்ன செய்தேன்? டீ ஆற்றினேன். உங்களைச் சிரிக்க வைத்தேன்.

இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. நிற்கட்டும்.

ஐயா, தேர்தலைத் திரும்ப நடத்தச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அறிவிப்புப் பலகையில் 'விதி மீறல்' என்று போட்டு, கீழே ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை அடித்துவிட்டு அப்பாதுரை என்று எழுதுங்கள். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி, போகிறேன். எழுதுவதை இன்றே எழுதுங்கள்.

என்னைப் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. இந்த மாலையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறேன், எனக்கு உரியதல்ல. ஐயம்பேட்டைப் பக்கம் போகிற பிள்ளைகள் யாராவது ஜோதிகாவைப் பார்த்தால், மாஸ்டர் மேடையில் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார் என்று சொல்லுங்கள். நம்பமாட்டாள். வழக்கமான கேலி என்று நினைப்பாள். சிரிக்காமல் சொன்னார் என்று சொல்லுங்கள்.

எல்லோருக்கும் என் வணக்கம்.