மண்டபத்துக்கு அடியில் விரால்

ஹலோ... ஆமாங்க, ட்ராயிங் டீச்சர் கமருன்னிஸாதான் பேசறேன்... அடடே, ஒன்றியச் செயலாளர் நாகேஸ்வரன் சாரா! சொல்லுங்க தலைவரே. இங்க பள்ளிக்கூடத்துல மீனைக் காணோம்னு ஒரே களேபரம்... ஆமா, ஆமா, அந்த பிளாஸ்டிக் விரால்தான். பன்னண்டடி. பிள்ளைங்க மூணு மாசமா வாய்க்கால்ல பொறுக்கின குப்பையில கட்டினது. பத்து மணிக்குக் கலெக்டர் வந்து திறந்து வைக்கிறதா இருக்கே...

என்னது, உங்ககிட்டயா இருக்கு?

ஓகோ... உங்க ஆளு பஞ்சநதம் ‘அவசரப்பட்டு’ எடுத்துட்டாரா? எடுத்து?... வாய்க்கால்லயே போட்டாரா! பழக்கதோஷம், பாவம். உங்க மண்டபத்துக் குப்பையை அவர்தானே தினமும் அங்க கொட்டறாரு.

...இல்லீங்க, சிரிக்கல. இருமல்.

ஓ, அதுக்காகவா எடுத்தாரு? ஆமாங்க, மீன்ல உங்க முகம் இருந்துச்சு. உங்க பிறந்தநாள் பேனர் மதகுல சிக்கிக் கிடந்துச்சு, நாங்க போடல. மீனுக்கு வாய் வேணும்னு வெட்டினப்ப உங்க பல்லு கச்சிதமா அமைஞ்சிடுச்சு... எதிர்க்கட்சிக் கொடி வால்ல இருந்துச்சே, பார்க்கலியா? நம்ம ஊர்ல ரெண்டு கட்சியும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருந்தது அந்த மீன்ல மட்டுந்தான்.

சரி, சரி, கோவிச்சுக்காதீங்க. இப்ப எங்க இருக்கு?... உங்க மண்டபத்துக்கு அடியில, குழாய் வாயில மாட்டிக்கிச்சா! யா அல்லா... பந்தி போடற இடத்துல முழங்கால் தண்ணியா? இன்னிக்கு உங்க பொண்ணு நிச்சயதார்த்தமாச்சே!

மாட்டாம பின்ன என்னங்க? எண்ணூறு பாட்டிலு, முங்கவே முங்காது. பத்தடி வாய்க்காலை வளைச்சு மண்டபத்தைக் கட்டிட்டு, தண்ணிக்கு மூணடி குழாய் விட்டது மீனா? கடைமடையில நாத்து காயுதுன்னு இந்தப் பிள்ளைங்களோட அப்பா அம்மா ரெண்டு வருசமா மனு குடுத்தாங்களே... ஆமாங்க, அப்ப உங்க வீட்டுல விசேஷம் இல்ல.

டிரான்ஸ்பரா?... தாராளமா. கூத்தாநல்லூருக்குப் போட்டுக் குடுங்க, அம்மா வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்.

என்ன, அரிவாளால வெட்டி எடுக்கறாங்களா? அய்யய்யோ, நிறுத்தச் சொல்லுங்க! ஒவ்வொரு செதில்லயும் ‘கிடைத்த இடம்’னு பிள்ளைங்க அட்டை கட்டியிருக்காங்க. பாதிக்கு மேல ‘மதுரம் மகால் பின்புறம்’தான், உங்க மண்டபமேதான்... நனையாதுங்க, லேமினேஷன் பண்ணியிருக்கு. அதுவும் பிளாஸ்டிக்தான், என்ன செய்யறது.

இருங்க, ஒரு நிமிஷம்... சார், மீன் கிடைச்சிடுச்சு சார்! மதுரம் மகாலுக்கு அடியில மாட்டியிருக்காம்... ஆமா சார், வாய்க்கால் மேல கட்டின மண்டபம்தான்... சரிங்க சார், சொல்லிடறேன்.

ஹலோ... கலெக்டர்தாங்க. ஒம்பதரைக்கே வந்துட்டாரு. மீன் இருக்கிற இடத்துலயே கண்காட்சியை வச்சுக்கலாங்கறாரு. சர்வேயரையும் வாய்க்கால் வரைபடத்தோட அங்க வரச் சொல்லிட்டாரு... இல்லீங்க, பிள்ளைங்களும் வரிசையில கிளம்பியாச்சு. நூத்திருபது பேரு. மீனைப் பார்த்து வாய்க்காலுக்கு என்ன ஆச்சுன்னு அவங்க படிக்கணும்ல? நீங்களே நின்னு விளக்கிச் சொல்லுங்க.

பந்தியில இடம் இருக்குமா தலைவரே? தண்ணி மட்டும் எவர்சில்வர் டம்ளர்ல குடுங்க, அந்த பிளாஸ்டிக் கப்பு வேண்டாம்... ஹலோ?... தலைவரே?