நீலத் துணி கட்டின கொடிகள்

கிட்ட வந்து உக்காருங்க தம்பி. அந்தக் கல்லு மேல வேணாம், சுட்டுடும். ஆலிவ் நிழலுக்கு வாங்க. இப்ப என்னமோ சொன்னீங்களே, திரும்பச் சொல்லுங்க. ருஃபெட் திராட்சைக் கொடியப் பிடுங்கி எறிஞ்ச பிறகுதான் எங்க ஒயினுக்கு இந்த மணம் வந்துச்சா? ரொஜேரியோவா சொன்னான்? அதையே லேபிள்ல அச்சடிக்கப் போறானா? நீங்க நாளைக்கு வாங்குறேன்னு கையெழுத்துப் போட்டதுமா?

சரி. என் அண்ணன் மகன்தான். போர்ட்டோவுல ஒயின் படிப்பு படிச்சவன். சொல்லுவான்.

இதுவா? கத்தரிக்கோல் பிடியில சும்மா ஒரு நீலத் துணி, கை வழுக்காம இருக்க. இருங்க, அதுக்கு வர்றேன்.

இந்த டோரு ஆத்தங்கரையில எங்க வீட்டுச் சிவப்பு ஒயின் நாலு தலைமுறையா ஒரே கலவை. கலவைன்னா குழாய் குழாயா ஊத்தி அளக்கிறதில்ல. எங்க கொள்ளுத்தாத்தா நாலு வகைக் கொடியையும் மேட்டுலயே கலந்து நட்டுட்டுப் போயிட்டாரு. ஒண்ணாப் பறிப்போம், ஒரே கல்தொட்டியில கொட்டி மிதிப்போம். தொட்டிக்குள்ள போயிட்டா எது எந்தப் பழம்னு எவனும் சொல்ல முடியாது.

ரொஜேரியோவுக்கு ருஃபெட் ஆகல. வெளிறின பழமாம், நிறத்தைக் கெடுக்குதாம். கறுப்பா இருந்தாப் போதும்னா மை பாட்டிலக் குடிக்க வேண்டியதுதானடான்னேன். உனக்கு இதெல்லாம் புரியாது அத்தைன்னான். நாப்பத்தெட்டு வருஷமா கொடி வெட்டிக் கவாத்து பண்றேன், எனக்கு எங்க புரியப்போகுது. நிலம் அண்ணன் பேர்ல, முடிவு அவன் மகன் வாயில, கத்தரிக்கோல் மட்டும் என் கையில.

கோபமா? அதெல்லாம் இல்ல. ரொட்டி எடுத்துக்குங்க, சீஸ் நான் போட்டது.

நாலு வருஷம் முன்னாடி, செப்டம்பர்ல, இலை இருக்கும்போதே மேட்டுக்கு ஏறி வந்தான். கையில ஒரு சுருள் நீலத் துணி. இலையப் பாத்துப் பாத்து ஒவ்வொரு ருஃபெட்டுக்கும் கட்டினான். ஜனவரியில மிஷின்காரன் வந்து துணி கட்டினதையெல்லாம் பிடுங்கணும்னு ஏற்பாடு. அன்னைக்கு ஏறினவன்தான். அதுக்கப்புறம் அவன் பூட்ஸுக்கு அந்த மேட்டுப் படி ஆகல. ஊர் ஊரா பாட்டிலத் தூக்கிட்டு அலையவே நேரம் சரியா இருக்கு.

டிசம்பர்ல வந்து பாருங்க தம்பி. ஒரு இலை இருக்காது. எல்லாம் முறுக்கின விறகுக்கட்டை. படிச்சவனுக்கும் மிஷின்காரனுக்கும் எல்லாக் கொடியும் ஒண்ணுதான். எனக்கு அப்படியில்ல. கணு எவ்வளவு தள்ளி இருக்கு, பட்டை எப்படி உரியுது, எல்லாம் கை சொல்லும். அந்த மாசம் கவாத்துக்கு நான் ஒருத்திதான் மேட்டுல.

என்ன அப்படிப் பாக்குறீங்க. ஆமா, நான்தான். ருஃபெட்ல கட்டியிருந்த துணிய அவிழ்த்தேன். பட்டுப்போன கொடி, நோய் விழுந்த கொடி, அவனுக்கு உசுரான அந்தக் கறுப்புப் பழம் ரோரிஷ்ல கொஞ்சம், அதுல எல்லாம் மாத்திக் கட்டினேன். நல்ல கொடிய நிறைய சாகடிக்க மனசு வரல, அதனால துணி கொஞ்சம் மிஞ்சிப்போச்சு, இந்தக் கத்தரிக்கோல் பிடியில இருக்கிறது அதுல ஒண்ணுதான். மிஷின்காரன் துணியத்தான் பாப்பான், எண்ண மாட்டான்.

நேத்து நீங்க மூக்கக் கிளாஸுக்குள்ள விட்டுட்டு எடுக்கவே மாட்டேன்னீங்களே, அந்த மணம் ருஃபெட்டோடது. கொள்ளுத்தாத்தா நட்ட அதே கொடிங்க. ஒண்ணுகூடக் குறையல.

அவன்கிட்ட சொல்லவா? தாராளமா. என்ன பண்ணுவான், என் கத்தரிக்கோலப் பிடுங்கி அவனே கவாத்து பண்ணுவானா? என் பேர லேபிள்ல போடச் சொல்லல. பொய்ய ஒட்டாதேங்கிறேன், அவ்வளவுதான்.

சாப்பாட்டு மணி அடிக்குது, எந்திரிங்க. ஆனா நீங்க வாய் திறந்து சிரமப்பட வேணாம். அவன் தட்டுக்கு எதிர்ல ஒரு பாட்டில் வெச்சிட்டுத்தான் வந்தேன். கழுத்துல மிஞ்சின துணியக் கட்டி. கடையில அவனே பாத்துப் பாத்து வாங்கின நீலம், மறந்திருக்காது. மேட்டுல இப்ப இலையும் இருக்கு, ஏறிப் பாத்தா எது ருஃபெட்னு அவனுக்கே தெரியும்.