நிரந்தரமாகாத பெயர்

சுவாமி, நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு பிளேன்டீ கொடுக்கச் சொல்வது என் வழக்கம். குடித்து முடித்த கோப்பையை ஓரமாக ஒதுக்கி வைக்கிற பிள்ளை வேலையிலும் ஒழுங்காக இருக்கும். இருபது வருடமாகக் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனிக்கு ஆளெடுத்துப் பழகிய கண் இது, பெரும்பாலும் பிழைப்பதில்லை. றேமண்ட் கோப்பையை ஒதுக்கி வைத்தான்.

ஆனால் நான் அவனை எடுத்தது அதற்காக அல்ல. விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் சவுந்தரநாயகம், ஊர் மன்னார் என்றிருந்தது. தகப்பன் முன்பு கொழும்பில் செய்த வேலையையும் எழுதியிருந்தான். அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தேன். டைரக்டர்மாருக்கு மாளிகாவத்தையிலிருந்து வந்த பஹ்மியாவைத்தான் பிடித்திருந்தது. உண்மையில் அவள்தான் கெட்டிக்காரி. நான் விடாமல் வாதாடி றேமண்டை எடுக்க வைத்தேன்.

சவுந்தரநாயகத்திடம் நானும் ஒரு காலத்தில் வேலை செய்தேன். அவர் தலைமைக் கிளார்க், நான் தகுதிகாண் காலத்தில் இருந்த பொடியன். என் மனைவி மாக்ரெட்டுக்குப் பிரசவ நேரம் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். பிள்ளை தங்கவில்லை. மூன்றாம் நாள் போனால் என் கதிரையில் வேறொருவன் இருந்தான். அது போகட்டும். பிறகு நான் எங்கே வேலை கேட்டாலும் அவர்கள் சவுந்தரநாயகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் என்னைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. ஊழியர் பெயர் எழுதும் இடாப்பில் அப்படியொரு பெயர் இல்லை என்று மட்டும் சொன்னார். நிரந்தரமாகாதவனின் பெயர் இடாப்பில் ஏறாதுதானே. இரண்டு வருடம் மாக்ரெட்டின் தமையன் வீட்டில் சாப்பிட்டோம், ஒவ்வொரு கவளத்துக்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அந்த மனிதரை நான் வெறுத்தேன். அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

றேமண்ட் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். பொலிஸ் சுற்றிவளைப்பு வந்தால் வடக்கு அடையாள அட்டைக்காரனைக் காப்பாற்றுவது வேலைத்தலக் கடிதம்தான், உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் கம்பெனியில் நிரந்தரமானவர்களுக்கு மட்டுமே அந்தக் கடிதம். ஆறு மாதத்தில் அவனை நிரந்தரமாக்கியிருக்கலாம். நேரத்துக்கு வருவதில்லை என்று எழுதி இன்னும் ஆறு மாதம் நீட்டினேன். எனக்கு முன்பே வந்து மேசை துடைத்து வைக்கிற பிள்ளை அவன்.

ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"சேர், லொட்ஜில எல்லாரிட்டயும் கடிதம் இருக்கு. என்னட்டத்தான் இல்லை."

"கடிதம் என்னத்துக்கு? பொலிஸ் கேட்டா எனக்குக் கோல் எடுக்கச் சொல்லு, நான் கதைக்கிறன்," என்றேன்.

என் விசிற்றிங் கார்டையும் கொடுத்தேன். அதை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொண்டான். வேறு யாரிடமும் அவன் உதவி கேட்டு வைக்கவில்லை.

கோல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார், இப்படியொரு பையன் உங்களிடம் வேலை செய்கிறானா என்று. எங்கள் இடாப்பில் அந்தப் பெயர் இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் இன்னொரு தரம் கேட்டார். பின்னால் "ஒஸ்வால்ட் மாத்தயா, ஒஸ்வால்ட் மாத்தயா" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் றேமண்டின் குரல் கேட்டது. நானும் இன்னொரு தரம் அதையே சொன்னேன். அன்று மத்தியானம் எனக்கு நல்ல பசி.

கம்பெனியில் அவன் சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். இந்தக் காலத்தில் அதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நல்லா இருக்கட்டும் என்றார்கள்.

இது நடந்து ஐந்து மாதமாகிறது. போன திங்கட்கிழமை சவுந்தரநாயகம் மன்னாரிலிருந்து வந்தார். ஊரை விட்டு வெளியே வரப் பாஸ் எடுக்கவே அவருக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. மெலிந்துபோயிருந்தார். மகனைத் தடுப்புச் சிறையில் கண்டதாகவும், ஒரு காது கேட்கவில்லை என்றும், வேலைத்தலக் கடிதம் ஒன்று கொண்டுபோனால் விட யோசிக்கலாமென்று அதிகாரிகள் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"என்ர பிள்ளைக்கு வேலை குடுத்த மனிசன் நீங்கள். நீங்கள்தான் எங்களுக்குத் தெய்வம்."

என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன். பெயரைச் சொன்னேன், நாம் வேலை செய்த இடத்தைச் சொன்னேன், மாக்ரெட்டையும் பிள்ளையையும் சொன்னேன். அவர் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"கோவிக்காதேங்கோ தம்பி. அப்பிடி ஒரு பேர் எனக்கு ஞாபகம் இல்லை."

அவர் நடிக்கவில்லை, சுவாமி. உண்மையாகவே ஞாபகமில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. என்னை அறியாமல் சத்தம் போட்டுவிட்டேன், கந்தோரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன். அவர் தினமும் வந்து கந்தோர் வாசல் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். நானும் தினமும் அதே கேள்வியைக் கேட்கிறேன்.

கடிதம் தட்டச்சு அடித்து, கையெழுத்தும் வைத்து, என் மேசை லாச்சியில் இருக்கிறது. நான் இரக்கமில்லாதவன் அல்ல. அவருக்கு என் பெயர் ஞாபகம் வருகிற அன்றைக்கே கொடுத்துவிடுவேன். பையனைப் பற்றி நான் சொன்னது பொய்யுமல்ல, இடாப்பை நீங்களே வந்து பார்க்கலாம். நான் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தது திங்கட்கிழமைக்காகத்தான், சுவாமி. வயதான ஒரு மனிதர்மேல் கோபப்பட்டுவிட்டேன்.