தீசாவில் கெளுத்தியைக் கூப்பிட்ட நாள்

விடிகாலை நாலரை மணி. தீசா ஆற்றின் கரைமேட்டுச் சாலை. ஒரு பக்கம் பாப்லர் மரங்கள், மறுபக்கம் வெள்ளம் வடிந்த சோளக்காடு. ஒரே ஒரு கார் போகிறது. உள்ளே ஒரு அப்பா, ஒரு மகள். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து இருவரும் பேசவில்லை...

ஜன்னலைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

இது என் நண்பன் ஓக்னெனின் அக்காவைக் கட்டியிருந்த மிலுதினுக்கு நடந்தது. ஓக்னெனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் நல்ல வேலையில் இருந்திருப்பான்.

மிலுதின் ஏழு வருடம் ஜெர்மனியில் லாரி ஓட்டினான். எல்லாம் ராத்திரி ஓட்டம். போகும்போது மகள் நேவெனாவுக்கு இரண்டு வயது, திரும்பி வந்தபோது ஒன்பது. மனைவி ஸ்லாவித்ஸா அதற்குள் விவாகரத்து வாங்கியிருந்தாள். சோதனைக்காக நீதிமன்றம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கொடுத்தது, மாதத்துக்கு ஒன்று. நாலாவது முடிந்த மறுநாள் சமூகநல அலுவலகத்தில் மகளிடம் கேட்பார்கள்: இவரிடம் தொடர்ந்து போகிறாயா, இல்லையா? இல்லை என்றால் அத்தோடு முடிந்தது.

மூன்று ஞாயிறுகள் வீணாகிவிட்டன. பீட்சா, சினிமா, மிருகக்காட்சிசாலை. அவள் ஒரு தடவைகூட அவனை அப்பா என்று கூப்பிடவில்லை. நான் சொல்வது நாலாவது ஞாயிறு.

படகு லாயோஷுடையது. கரையோரம் குடியிருக்கும் ஹங்கேரியக் கிழவன். சங்கிலியை அவிழ்த்துக்கொண்டே சொன்னானாம்:

"பூச்கா எடுத்துட்டுப் போறியா? ரெண்டு பேரும் முழிச்சிருங்க. அடிக்கிற ஆளத் தனியா விட்றாத."

"விட்டா என்ன, கெளுத்தி கோவிச்சுக்குமா?"

"கெளுத்தி கோவிச்சாப் பரவால்லடா, மடையா."

பூச்கா என்பது வளைந்த மரக்கட்டை. நுனி காசு மாதிரி வட்டமாக இருக்கும். அதை வைத்துத் தண்ணீரை வெட்டி இழுத்தால், போத்தல் மூடி திறக்கிற மாதிரி ஒரு சத்தம்... க்ளொப். அடியில் படுத்திருக்கும் கெளுத்திக்கு அந்தச் சத்தம் பொறுக்காது. என்னவென்று பார்க்க மேலே வரும். ஒருவர் அடிப்பார், மற்றவர் தூண்டில் நூலைப் பார்ப்பார். நங்கூரம் போடக் கூடாது, படகு தானாக மிதந்து போக வேண்டும். எங்கள் ஆற்றில் யாரும் தனியாகப் பூச்கா அடிப்பதில்லை. அடிக்கிறவன் கண் தண்ணீருக்குள் போய்விடும் என்பார்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள்.

பூச்கா அடித்தது நேவெனா. முதலில் அவளுக்கு வரவில்லை. சும்மா சளசளவென்று தெறித்தது. இருபதாவது தடவையோ என்னவோ... க்ளொப். அவள் திரும்பிச் சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு.

"அதுக்குக் கேக்குமா?"

"பத்து மீட்டர் ஆழத்துலயும் கேக்கும்."

"வேற யாருக்காவது கேக்குமா?"

"அங்க வேற யாரு இருக்கா?"

அடித்துக்கொண்டே அவள் கேட்டாள். முதல் பல் விழுந்தபோது நீங்க எங்க இருந்தீங்க? பள்ளி நாடகத்துல நான் என்ன வேஷம் போட்டேன், சொல்லுங்க பாப்போம்? அவனுக்குத் தெரியவில்லை. "அப்புறம் பேசலாம்மா" என்றான். ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் தின்றான். பிளம் சாராயத்தில் இரண்டு மடக்கு. உச்சி வெயில். ஏழு வருடம் பகலில் தூங்கிப் பழகிய உடம்பு...

தூங்கிவிட்டான்.

விழித்தபோது மணி மூன்றரை. க்ளொப் என்ற சத்தம் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு க்ளொப்புக்கும் பிறகு, அவன் தலைக்குக் கீழே, படகின் அடிப்பலகையில்... டொக். டொக். யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுகிற மாதிரி.

நங்கூரம் உள்ளேதான் கிடந்தது. ஆறு ஓடிக்கொண்டிருந்தது. படகு ஓடவில்லை. தூங்கும்முன் பார்த்த அதே பட்டுப்போன மரம் அதே இடத்தில்.

ஒரு நாற்றம். ஈரச் சாக்கு, அழுகிய இலை, அதற்கடியில் டீசல்...

நேவெனா குப்புறப் படுத்து, ஒரு கையால் பூச்கா அடித்துக்கொண்டே, முகம் தண்ணீரில் படுகிற அளவுக்குக் குனிந்திருந்தாள்.

"நான் முள்ளம்பன்றி வேஷம் போட்டேன். முதுகு பூரா பல்குச்சி! டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா, அப்பா?"

அப்பா.

மிலுதின் அசையாமல் கண்ணை மூடிக்கொண்டான். தான் தூங்குவதாக நினைத்துத்தான் கூச்சமில்லாமல் கூப்பிடுகிறாள், எழுந்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம். அவள் எல்லாம் சொன்னாள். பல், காய்ச்சல், அம்மா குளியலறையில் அழுத ராத்திரி. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு நிறுத்துவாள். காது கொடுப்பாள். பிறகு சிரிப்பாள்.

கடைசியில் அவனால் பொறுக்க முடியவில்லை. "நேவெனா..."

அவள் திரும்பாமலே சொன்னாள்: "ஷ்ஷ்... நீங்க தூங்குங்க."

அப்போதுதான் பார்த்தான். அவள் முகத்துக்குப் பக்கத்தில், படகின் விளிம்பில், நாலு ஈர விரல் தடங்கள். வெளியிலிருந்து உள்பக்கமாகப் பிடித்த தடம். தடிமனான விரல்கள். மிலுதினின் கை காய்ந்திருந்தது. அவள் கை சின்னது.

அவன் என்ன செய்தான் என்று நினைக்கிறீர்கள்? சட்டைக் கையால் அதைத் துடைத்தான். துடுப்பை எடுத்துக் கரைக்கு வந்தான். அவ்வளவுதான்.

"கண்ணால பாத்தேல்ல, ஏன்டா அவகிட்ட ஒண்ணும் கேக்கல?" என்று ஓக்னென் பிறகு அவனைத் திட்டினான்.

"கேட்டிருந்தா அந்த ஒரு நாளும் கெட்டுப்போயிருக்கும்டா" என்றானாம்.

திரும்பும்போது காரில் அவளே பேசினாள்.

"மறுபடியும் வரணும். கண்டிப்பா வரணும்."

ஒரு மீனும் கிடைக்கவில்லை. மிலுதின் வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினான். சந்தோஷத்தில்.

திங்கட்கிழமை, சமூகநல அலுவலகம். மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. ஒரு நாற்காலியில் ஸ்லாவித்ஸா, ஒன்றில் மிலுதின், நடுவில் நேவெனா.

"அப்பாகிட்ட தொடர்ந்து போறியா, கண்ணு?"

"போறேன். லீவு பூரா அவர்கூடவே இருக்கேன்."

ஸ்லாவித்ஸா முகத்தை மூடிக்கொண்டாள். மிலுதின் எழுந்துவிட்டான், மகளைத் தூக்க. அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"இவர் இல்ல. இவரு காரு ஓட்டுனவரு."

அதிகாரி பேனாவை வைத்தாள். "அப்ப உங்க அப்பா யாரும்மா?"

"படகுல என்கூடப் பேசுனவரு. எல்லாத்தையும் கேட்டாரு. எங்க அப்பா தூங்கவே இல்ல."

மிலுதின் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அவர் எங்க இருக்காரு?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டு விலாசம் குடுத்திருக்கேன். தண்ணி ஏறுனதும் அவரே வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு."

அந்த வாரமே ஸ்லாவித்ஸா வீட்டைக் காலி செய்தாள். ஆறு இல்லாத ஊர், மலைமேல், நாலாவது மாடி. புது விலாசம் மிலுதினுக்குக் கொடுக்கப்படவில்லை. கேட்க அவனுக்கு உரிமையும் இல்லை.

ஓக்னென் ஒருமுறை அங்கே அக்கா வீட்டில் போய்த் தங்கினான். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவன் குளியலறையில் வெளிச்சம் பார்த்தான். நேவெனா முக்காலி மேல் ஏறி, கைகழுவும் தொட்டியில் தண்ணீர் இறங்கும் ஓட்டையில் வாயை வைத்து, மெதுவாக, திருத்தமாக... புது வீட்டின் தெருப் பெயர், கதவு எண், எத்தனையாவது மாடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.